செத்துப்போச்சு என்று நினைத்த புல்தரை

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னால் போட்டிருந்த கொரியன் புல், போர்வெல் தண்ணீர் இறங்கிப்போன அந்தக் கோடையில், சித்திரைத் திருவிழா முடிவதற்குள் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஹோஸ் பிடித்துத் தெளித்ததுதான் நான் செய்த தப்பு. மண் இறுகிக் கிடந்ததால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்குத்தான் ஓடியது.

அப்புறம் அங்கங்கே பிடுங்கிப் பார்த்தேன். கணுவைக் கீறினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக நொறுங்கினால் போச்சு. செத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணை நனைத்து, மறுநாள் கடப்பாரையால் அரை அடிக்கு ஒரு குத்து, 4 அங்குல ஆழம், குழியில் மணலும் மட்கிய சாண எருவும் (இந்த வேலைக்குத் தனியாக ஒரு இடுப்பு வேண்டும்). வெற்றிடத்தில் கொரியன் புல்லைத் திரும்ப வைக்கவில்லை, வரப்பிலிருந்து அருகம்புல் கொடியைக் கணுவோடு வெட்டி வந்து நட்டேன், மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலிருந்து அது துளிர்த்துக்கொள்ளும். வேர் பிடிக்கும்வரை தினமும் லேசான ஈரம், பிறகு வாரம் இரண்டு தடவை, விடியற்காலையில், நன்றாக ஊறும்படி. காய்ந்த புல்லில் யூரியா தூவச் சொல்வார்கள், கேட்காதீர்கள், கருகிவிடும்.

ஐப்பசி மழைக்குள் திட்டுகள் மூடிவிட்டன. வேப்பமரத்தடி மட்டும் இன்னும் மொட்டைதான், அருகம்புல்லுக்கு நிழல் ஆகாது.