ஒரு ‘இ’ படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் ‘ஹேட்’ தேய்ந்துபோன சொல். டிராஃபிக்கையும் ஹேட் பண்ணுகிறோம், திங்கட்கிழமையையும் ஹேட் பண்ணுகிறோம். அருவருப்பும் கலந்த கடும் வெறுப்பைச் சொல்ல ‘லோத்’ இருக்கிறது. அதைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கடைசி எழுத்தில்தான்.

எல், ஓ, ஏ, டி, எச் எழுதி, முடிவில் ‘இ’ போட்டால் அது வினைச்சொல்: அடியோடு வெறுப்பது. அந்த ‘இ’ இல்லையென்றால் பெயரடை. பொருளும் வெறும் தயக்கமாக இறங்கிவிடும். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதனால்தான் இந்த இரட்டைத் தொல்லை. தமிழில் எழுதினாலும் இரண்டும் லோத்தான். ஆனால் காது பிரித்துவிடும். ‘இ’ உள்ளதன் முடிவில், ‘அது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய தகர ஒலி. இல்லாததில் பொதுவாக, ‘போத்’ என்பதன் முடிவில் வருவதுபோல் காற்று மட்டும்.

தள்ளுபடி கேட்கத் தயங்கும் ஒருவர் மெயிலில் ‘ஐ லோத் டு ஆஸ்க்’ என்று எழுதிவிடுகிறார். அவர் எழுத வேண்டியது ‘ஐ ஆம் லோத் டு ஆஸ்க்’, அதுவும் ‘இ’ இல்லாமல். தயக்கம் என்றால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ போல ஏதாவது ஒன்று முன்னால் வரவேண்டும், பின்னால் ‘டு’. வெறுப்பு என்றால் அந்த ‘டு’ வேண்டாம்: ‘ஐ லோத் வேக்கிங் அப் ஏர்லி’ என்று ‘இங்’ சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். ‘ஐ ஆம் லோத்திங்’ என்பதும் ஒட்டாது. வெறுப்பு மனநிலை, இந்த நிமிடம் நடக்கும் வேலையல்ல.

அப்புறம், நமக்கே உரிய ஒரு தவறு. ‘அவன்மேல் வெறுப்பு’ என்று சொல்லிப் பழகியதால் ‘லோத் ஆன் ஹிம்’ என்று ஒரு ‘ஆன்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘லோத் ஹிம்’ போதும். சாம்பாரில் உப்பு கூடியதற்கெல்லாம் இந்தச் சொல்லை இறக்கவும் வேண்டாம், சமைத்தவர் முகம் சுண்டிப்போகும்.

சரி, ‘லோத்சம்’? அருவருப்பான என்று பொருள். வெறுப்புக் குடும்பம்தான், ஆனால் நடுவில் ‘இ’ கிடையாது. இதில் தவறினால் ஸ்பெல்-செக் சிவப்புக் கோடு போட்டுவிடும். முதல் இரண்டும் சரியான சொற்களே என்பதால், ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது.