ஃபார்மல் வெரிஃபிகேஷன் கருவிகளுக்கு முதல் பங்களிப்பு: ஒரு சின்னக் கோப்பிலிருந்து தொடங்கலாம்

ஒரு நிரலை ஆயிரம் உள்ளீடுகள் கொடுத்துச் சோதித்துப் பார்த்தால், அந்த ஆயிரத்துக்கும் அது சரியாக ஓடுகிறது என்று தெரியும், அவ்வளவுதான். எந்த உள்ளீடு வந்தாலும் சரியாகவே ஓடும் என்று கணித முறையில் நிரூபிப்பதுதான் ஃபார்மல் வெரிஃபிகேஷன். ஜாவாவில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் நிரலை, கீ என்ற கருவியை வைத்து நிரூபிக்க முயன்றார்கள் ஆய்வாளர்கள். நிரூபணம் ஓரிடத்தில் நகர மறுத்தது. தோண்டிப் பார்த்தபோது அங்கே உண்மையாகவே பிழை இருந்தது. 2015-இல் அதை வெளியிட்டார்கள்.

இந்தக் கருவிகளில் பல ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆனாலும் இதற்குப் பங்களிக்கப் பெரிய கணித அறிவு வேண்டும் என்று நினைத்து நிறைய பேர் கிட்டவே போவதில்லை. கருவியைப் பராமரிப்பவர்களுக்குப் பெரிதும் உதவுவது, கருவியில் உள்ள பிழையைத் தெளிவாகக் காட்டும் பத்து வரிக் கோப்பு. அதைத் தயாரிக்க, கருவியைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் போதும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

படி 1: ஒரே ஒரு கருவி

லீன், ராக், டிஎல்ஏ பிளஸ், கானி, சிபிஎம்சி என்று நிறைய கருவிகள் இருக்கின்றன. ரஸ்ட் நிரல்மொழி தெரிந்தவர்களுக்குக் கானி நல்ல தேர்வு. மற்றவர்களுக்கு நான் டாஃப்னி என்ற கருவியைச் சொல்வேன். சாதாரண நிரல்மொழி போலவே இருக்கும், விஎஸ் கோடு எடிட்டரில் அதற்கான நீட்சியைப் போட்டால் தட்டச்சு செய்யும்போதே பிழையைக் காட்டும். உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். டாஃப்னி உங்கள் நிரலைப் பூகி என்ற இடைநிலை மொழிக்கு மாற்றும். பூகி அதைத் தர்க்க வாய்பாடுகளாக்கி, அவை எப்போதும் உண்மையா என்று சரிபார்க்கும் இசட்3 என்ற தீர்வியிடம் கொடுக்கும்.

படி 2: எதையாவது நிரூபித்துப் பாருங்கள்

ஓர் அணியில் மிகப்பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதுங்கள். அணி காலியாக இருக்கக் கூடாது என்று ரிக்வயர்ஸ் (முன்நிபந்தனை) வரியில் சொல்லுங்கள். அணியில் உள்ள எந்த எண்ணும் விடையைவிடப் பெரியதல்ல என்று என்ஷூர்ஸ் (நிரல் உறுதி தரும் விளைவு) வரியில் சொல்லுங்கள். வொயில் லூப் போட்டு ஓட்டினால், நிரல் சரியாகவே இருந்தும் டாஃப்னி ஏற்காது. ஒரு லூப் முடிந்த பிறகு அதைப் பற்றி டாஃப்னிக்குத் தெரிவது, பெரும்பாலும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எது உண்மையாக இருக்கும் என்று நீங்கள் இன்வேரியன்ட் வரியில் எழுதியது மட்டுமே. சுட்டெண் அணியின் எல்லைக்குள் இருக்கிறது, இதுவரை பார்த்த எண்கள் எதுவும் இப்போதைய விடையைத் தாண்டவில்லை என்று இரண்டு இன்வேரியன்ட் சேர்த்தால் நிரூபணம் தேறிவிடும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அணியில் இல்லாத ஒரு பெரிய எண்ணைத் திருப்பிக் கொடுத்தாலும் மேலே எழுதிய என்ஷூர்ஸ் நிறைவேறிவிடும். விடை அணிக்குள் இருக்கும் ஓர் எண்தான் என்று இன்னொரு வரி வேண்டும். நாம் கேட்டதைத்தான் கருவி நிரூபிக்கும், கேட்க மறந்ததை அல்ல. இது பிடிபட்டால்தான் அடுத்த படி புரியும்.

படி 3: நீங்கள் பார்ப்பது எந்த வகைப் பிழை?

கருவியை நாலு நாள் விடாமல் பயன்படுத்தினால் ஏதாவது வினோதமாக நடக்கும். முதலில் அதை வகைப்படுத்துங்கள்.

கருவியே செயலிழந்து நீளமான பிழைத்தடம் கக்கினால், சந்தேகமே இல்லை, அது கருவியின் பிழை. புகார் செய்வதும் எளிது.

சரியான நிரலை நிரூபிக்க முடியவில்லை என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் இன்வேரியன்ட் போதவில்லை என்றுதான் அர்த்தம். இந்த இடத்தில் இது உண்மையா என்று கேட்கும் அசெர்ட் வரிகளை இடையிடையே போட்டு, எதுவரை அதற்குத் தெரிகிறது என்று தேடுங்கள்.

தவறான நிரலைச் சரி என்று ஏற்றுக்கொண்டால், அதுதான் மிகக் கடுமையான பிழை. தவறானதை ஏற்காது என்பதில்தான் கருவியின் மீதுள்ள நம்பிக்கையே அடங்கியிருக்கிறது. சோதிக்க ஒரு வழி: சந்தேகமான இடத்தில், ஒருபோதும் உண்மையாக முடியாத அசெர்ட் ஃபால்ஸ் என்ற வரியை எழுதுங்கள். அதையும் ஏற்றால் எங்கோ முரண்பாடு நுழைந்திருக்கிறது. ஆனால் அந்த வரிக்கு ஓட்டம் வரவே வாய்ப்பில்லை என்றாலும், நீங்களே எழுதிய அஸ்யூம் (நிரூபிக்காமலே உண்மை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரி) அல்லது ரிக்வயர்ஸ் ஒன்றோடொன்று முரண்பட்டாலும் இதே விளைவு வரும். இவற்றை விலக்கிய பிறகே கருவியைக் குறை சொல்ல வேண்டும்.

படி 4: கோப்பைச் சுருக்குங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். முந்நூறு வரிக் கோப்பில் பிழை வந்தது என்று வையுங்கள். பாதியை நீக்கி ஓட்டுங்கள். பிழை அப்படியே வந்தால் மீதியில் பாதியை நீக்குங்கள். போய்விட்டால் திரும்பக் கொண்டுவந்து வேறு பாதியை முயலுங்கள். வெட்ட முடியாத நிலை வந்ததும் எளிமையாக்கத் தொடங்குங்கள். சம்பந்தமில்லாத மெத்தடின் உடலை அழித்துத் தலைப்பை மட்டும் வையுங்கள். சொந்தமாக வரையறுத்த வகைகளுக்குப் பதில் வெறும் முழு எண் போடுங்கள். என்ஷூர்ஸ் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நீளமான பெயர்களைக் குறுக்குங்கள்.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வருவது அதே பிழைதானா என்று செய்தியை முழுதாகப் படியுங்கள். சுருக்கும்போது வேறொரு பிழை வந்து உட்கார்ந்துகொள்வது இங்கே சர்வசாதாரணம். எந்த ஒரு வரியை எடுத்தாலும் பிழை மறைந்துவிடும் என்ற நிலை வந்தால் நிறுத்தலாம்.

இசட்3 போன்ற தீர்விகளுக்குப் போகும் கோப்புகளைச் சுருக்க டிடிஎஸ்எம்டி என்ற கருவி தானாகவே இந்த வேலையைச் செய்யும். ஆனால் முதல் தடவை கையால் செய்யுங்கள். வெட்டிக்கொண்டே போகும்போதுதான் பிழையின் காரணம் கண்ணில் படும்.

இன்னொன்று: டாஃப்னி உருவாக்கும் பூகி நிரலைத் தனிக் கோப்பாக எடுக்க ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். அங்கேயே தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தால் பிழை டாஃப்னியுடையது. இல்லையென்றால் கீழே உள்ள அடுக்குகளில் தேட வேண்டும்.

படி 5: இஷ்யூ எழுதுங்கள்

இஷ்யூ என்பது கருவியின் கிட்ஹப் பக்கத்தில் எழுதும் பிழைப் புகார். முதலில் அங்கே அதே பிழைச் செய்தியைத் தேடுங்கள். ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால், உங்கள் சிறிய கோப்பை அங்கேயே சேருங்கள். புதிது என்றால் கருவியின் பதிப்பு எண், இயங்குதளம், ஓட்டிய கட்டளை, எதிர்பார்த்தது, நடந்தது, கோப்பு ஆகியவற்றைத் தாருங்கள். பழைய பதிப்பில் சரியாக ஓடியது என்றால் அதையும் சொல்லுங்கள். கிட் பைசெக்ட் கட்டளையால் எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) கெட்டது என்று கண்டுபிடித்துக் கொடுத்தால், திருத்துபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

படி 6: கோப்பை டெஸ்டாக மாற்றுங்கள்

கருவியின் மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் நகலெடுத்து), மூலத்திலிருந்து பில்டு செய்யுங்கள். டாஃப்னியின் டெஸ்டுகளில் பெரும்பகுதி ஜோடிகளாக இருக்கும்: ஒரு நிரல் கோப்பு, அதை ஓட்டினால் என்ன வெளிவர வேண்டும் என்று சொல்லும் இன்னொரு கோப்பு. நீங்கள் சுருக்கிய கோப்பு அப்படியே முதலாவது. இரண்டாவதில் சரியான வெளியீட்டை எழுதினால், இப்போது தோற்று, திருத்தத்துக்குப் பிறகு தேறும் டெஸ்ட் ஒன்று கையில் இருக்கும்.

திருத்தத்தையும் நீங்களே செய்ய விரும்பினால், பிழைச் செய்திகளிலிருந்து ஆரம்பியுங்கள். டாஃப்னி சி ஷார்ப்பில் எழுதப்பட்டது. செய்தியின் வாசகத்தை மூலத்தில் தேடினால் அது எழும் இடம் அகப்படும், அங்கிருந்து மேலே போகலாம். அப்புறம் உங்கள் மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். வழியில் கண்ணில்பட்ட மற்றவற்றைத் தனியாக அனுப்பலாம்.

படி 7: ரிவ்யூ

தவறான நிரலை ஏற்காமல் தடுக்கும் பகுதியைத் தொட்டிருந்தால் அதைப் பரிசீலிக்கும் பராமரிப்பாளர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வரும். ஏன் இது பாதுகாப்பானது என்று வாதமாக எழுதிப் பதில் சொல்லுங்கள். டெஸ்ட் தேறிவிட்டது என்பது மட்டும் இங்கே போதாது. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால், திருத்தத்தை விலக்கிக்கொண்டு டெஸ்டையும் இஷ்யூவையும் விட்டுவையுங்கள். அந்தப் பகுதி தெரிந்த ஒருவர் அதிலிருந்தே வேலையைத் தொடருவார்.