நேரம் பார்க்கும் கருவிக்கு ஏஐ ஏஜென்ட் விளங்கிக்கொள்ளுமாறு குறிப்பு எழுதுவது எப்படி

ஏஐ மொடலிடம் மணிக்கூடு இல்லை. பயிற்சித் தரவு முடிந்த நாளோடு அதற்கு உலகம் நின்றுவிடும், இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டால் கூசாமல் ஏதாவது ஒன்றைச் சொல்லும். அதனால் நேரம் பார்க்க ஒரு சின்னக் கருவி, அதாவது மொடல் தேவைப்படும்போது அழைக்கும் ஒரு சிறு நிரல், எழுதிக் கொடுக்கிறோம். இப்படிக் கருவிகளை அழைத்து வேலை செய்யும் மொடலைத்தான் ஏஜென்ட் என்கிறோம். கோட் நாலைந்து வரிதான், அதில் பெரிய வேலை இல்லை. ஆனால் மொடல் உங்கள் கோடைப் பார்ப்பதே இல்லை. கருவியின் பெயர், விளக்கம், என்ன கொடுக்கவேண்டும் என்ற குறிப்பு, இந்த மூன்றையும் வாசித்துவிட்டுத்தான் அழைப்பதா விடுவதா என்று முடிவெடுக்கிறது. ஆகவே விளக்கமும் கருவியில் ஒரு பாகம்தான்.

பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கவேண்டிவரும், பல ஏபிஐகள் (மொடலை எங்கள் நிரலோடு இணைக்கும் வாசல்கள்) வேறு எழுத்தை ஏற்காது. விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். "நேரத்தைத் தரும்" என்று இரண்டு சொல்லோடு விட்டுவிடாதீர்கள். எப்போது அழைக்கவேண்டும், எதற்கு அழைக்கக்கூடாது, இரண்டையும் சொல்லுங்கள். இப்படி:

"ஓர் இடத்தின் இப்போதைய திகதி, கிழமை, நேரம் ஆகியவற்றைத் தரும். பயனர் இப்ப, இன்றைக்கு, நாளைக்கு, வாற வெள்ளி என்று கேட்டால் பதில் சொல்லுமுன் அழைக்கவும். நேர வித்தியாசத்தை மனக்கணக்காகப் பார்க்கவேண்டாம், இரண்டு இடம் என்றால் இரண்டு முறை அழைக்கவும். கடந்தகால நேரங்களுக்கு உதவாது."

அடுத்தது இடம். உலகம் முழுக்கப் பாவிக்கும் நேரவலயப் பட்டியலில் இலங்கைக்கு இருப்பது ஆசியா/கொழும்பு (பட்டியலில் Asia/Colombo) ஒன்றுதான். இதை எழுதாவிட்டால் மொடல் தன்பாட்டில் ஆசியா/யாழ்ப்பாணம் என்று ஒன்றை உண்டாக்கி அனுப்பும். "இலங்கையின் எந்த ஊரானாலும் ஆசியா/கொழும்பு" என்று ஒரு வரி போடுங்கள், சரி. ஐஎஸ்டி போன்ற சுருக்கங்களை ஏற்கவேண்டாம், அது இந்தியாவா இஸ்ரேலா அயர்லாந்தா என்று யாருக்கும் தெரியாது.

இடம் தராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். சேர்வர்கள் அநேகமாக யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடும், நாங்கள் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. விடிய 4 மணிக்கு எழும்பி இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பவருக்கு, யுடிசி நேரத்தை எடுத்த ஏஜென்ட் நேற்றைய கிழமையைச் சொல்லும்.

விடையாக வருவதை ஒரு உதாரணத்தோடு காட்டுங்கள்: 2025-11-04, 19:30:00, +05:30, செவ்வாய். யுடிசியைவிட எவ்வளவு முன்னுக்கு என்று காட்டும் அந்தப் பின்வால் +05:30 கட்டாயம் வேண்டும். கிழமையையும் நீங்களே கொடுங்கள், திகதியிலிருந்து கிழமை கண்டுபிடிக்கச் சொன்னால் மொடல்கள் சில நேரம் சறுக்கும்.

மனக்கணக்கு வேண்டாம் என்று எழுதச் சொன்னதற்குக் காரணம், இங்கே பாதி வீடுகளில் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் கதைப்பதற்கு நேரம் பார்க்கவேண்டியிருப்பது. ரொறன்ரோ எங்களைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. இங்கே பின்னேரம் 7.30 என்றால் அங்கே 10 மணியாகவும் இருக்கலாம், 9 மணியாகவும் இருக்கலாம். ரொறன்ரோ மணிக்கூட்டை மாற்றுவது மார்ச் இரண்டாவது ஞாயிறு, பிரித்தானியா அந்த மாதக் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் பழைய வித்தியாசத்தை நினைவில் வைத்து விடை சொல்லும் ஏஜென்ட், சித்தியைச் சாமத்தில் எழுப்பிவிடும்.

கடந்தகாலத்துக்கு உதவாது என்ற வரியும் சும்மா இல்லை. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே 25 அன்று இலங்கை நேரத்தை யுடிசியைவிட ஆறரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் ஒக்ரோபரில் ஆறாக்கினார்கள், 2006 ஏப்ரல் 15 அன்றுதான் ஐந்தரைக்குத் திரும்பியது. 1999இல் பிறந்த பிள்ளையின் சாதகத்துக்கு நேரம் கேட்டால் இன்றைய ஐந்தரையைப் போட்டு அரை மணித்தியாலம் பிழைக்கும். அதிலும் வன்னியில் அப்போது பழைய நேரமே ஓடியது, அதற்கென்று தனி வலயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பழைய திகதிகளையும் கையாளும் கருவி என்றால் இதையெல்லாம் விளக்கத்தில் சொல்லியாகவேண்டும்.

பிழைச் செய்தியையும் மொடல்தான் வாசிக்கப்போகிறது. தெரியாத இடம் வந்தால் சத்தமில்லாமல் யுடிசி நேரத்தை நீட்டாமல், "இந்தப் பெயர் இல்லை, கண்டம்/நகரம் வடிவில் தரவும், இலங்கைக்கு ஆசியா/கொழும்பு" என்று திருப்புங்கள். அனேகமாக அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் கேள்வி கேட்டுப் பாருங்கள். "நல்லூர்த் திருவிழா எத்தனை நாள்?" என்றால் 25 என்று சொல்லவேண்டும், கருவியைத் தொடக்கூடாது. "கொடியேற்றத்துக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கு?" என்றால் தொடவேண்டும், ஆனால் கொடியேற்றத் திகதி இந்தக் கருவியில் இல்லை, அதை வேறெங்காவது தேடவேண்டும். அங்கே அது திகதியைக் கற்பனை செய்தால், "விழா, விடுமுறைத் திகதிகளை இது தராது" என்ற வரியை விளக்கத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.