பாங்காக்கில் டுக்டுக் ஏறுவதற்கு முன்

டுக்டுக் என்ற மூன்று சக்கர ஆட்டோவில் மீட்டர் கிடையாது. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். நான் கைப்பேசியில் ஒரு தொகையைத் தட்டிக் காட்டுவேன்; ஓட்டுநர் சிரித்துக்கொண்டே அதை அழித்துத் தன் தொகையைத் தட்டுவார். இரண்டு மூன்று முறை கைமாறினால் படிந்துவிடும். அது ஆளுக்கா, வண்டிக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கிராண்ட் பேலஸ்’ எனும் பெரிய அரண்மனைக்கு அருகில் ஒருவர் கனிவாக வந்து, "இன்று மூடியிருக்கிறது, 20 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுங்கள், ஊரையே சுற்றிக் காட்டுகிறேன்" என்பார். நான் நம்பி ஏறினேன். முதலில் ஒரு புத்தர் கோயில், அடுத்து ரத்தினக் கடை, அதற்கடுத்து தையல் கடை! ஆள் பிடித்து வந்தால் ஓட்டுநருக்குக் கடையில் எரிபொருள் கூப்பன் கிடைக்கும். அந்த 20 பாட்டின் கணக்கு அதுதான். அரண்மனை மூடியிருக்கிறதா என்று டிக்கெட் கவுண்டர் வரை நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

20, 50, 100 பாட் நோட்டுகள் கையில் இருக்கட்டும். 1000 பாட்டை நீட்டினால் சில்லறை இருக்காது, அல்லது இல்லாததுபோல் இருக்கும்.

நீண்ட தூரத்துக்குக் குளிர்சாதன மீட்டர் டாக்சியே மேல். பல நேரம் மலிவும்கூட. டுக்டுக்கின் கூரை தாழ்வானது, குனிந்தால்தான் கட்டடங்கள் தெரியும். நான் அதில் ஏறுவது இரவில், நெரிசல் தணிந்த பிறகு, சைனாடவுன் பகுதியான யாவோராட் பக்கம் மட்டும்.