படகின் சார்ஜரை மாற்றும்போது எர்த் வயரைக் கவனியுங்கள்

பேட்டரி சார்ஜரைக் கழற்றும் முன் கரையிலிருந்து வரும் மின் கேபிளையே பிடுங்கிவிடுங்கள். பிரேக்கரை மட்டும் அணைத்தால் போதாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். அப்புறம் பேட்டரியில் முதலில் நெகட்டிவ் வயரையும், பிறகு பாசிட்டிவ் வயரையும் கழற்றுங்கள்.

இனி சார்ஜரின் உலோகப் பெட்டியைப் பாருங்கள். அதிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர் டிசி நெகட்டிவ் பஸ்ஸுக்கு, அதாவது நெகட்டிவ் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டைக்கு, போக வேண்டும். ஏசி பக்கம்தான் பச்சை எர்த் வயர் இருக்கிறதே, இது எதற்கு என்று தோன்றும். இது இல்லாத நிலையில், உள்ளே பேட்டரியின் பாசிட்டிவ் வயர் பெட்டியைத் தொட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த மெல்லிய பச்சை வயர் வழியே பாயும். வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். அதனால்தான் அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி, இந்த வயர் சார்ஜரின் பாசிட்டிவ் வயரைவிட ஒரு சைஸுக்கு மேல் சிறியதாக இருக்கக் கூடாது என்கிறது. பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸும் வேண்டும்.

படகின் உலோக பாகங்கள் அரிக்கின்றன என்று பச்சை வயரை வெட்டிவிடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த வயர் இல்லாமல் கசியும் மின்சாரம் தண்ணீரில் இறங்கினால், குறிப்பாக நன்னீர் ஏரியில், பக்கத்தில் நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்கிவிடலாம். அரிப்புக்கு, எர்த் வயரை வெட்டாமலேயே அரிப்பை உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவி இருக்கிறது, அதைப் போடுங்கள்.

கேபிளைத் திரும்ப மாட்டும் முன், பெட்டிக்கும் நெகட்டிவ் பஸ்ஸுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.