பிளாக், ஒயிட்: எதற்குப் பெரிய எழுத்து?

புதுச்சேரியில் கல்லூரி ஆண்டுமலரோ அச்சக வேலையோ, ஆங்கிலப் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தால் ஒருநாள் இந்தச் சிக்கல் வந்தே தீரும்: கறுப்பின மக்களைக் குறிக்கும் 'பிளாக்'குக்கு (Black) முதல் எழுத்து பெரிதா, சிறிதா?

பெரிது. நிறத்துக்குத்தான் சிறியது. இது நேற்று கிளம்பிய சண்டை இல்லை. அன்றைய வழக்கான 'நீக்ரோ'வுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்று அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1920களில் போராடினார், 1930இல் நியூயார்க் டைம்ஸ் ஒத்துக்கொண்டது. 'பிளாக்'குக்கு அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) 2020 ஜூனில் மாறியது.

'ஒயிட்'தான் தலைவலி. ஏபி அதைச் சிறிய எழுத்திலேயே விட்டது, வாஷிங்டன் போஸ்ட் பெரிதாக்கியது. ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் பாரபட்சம் என்பார்கள் சிலர், இரண்டையும் பெரிதாக்கினால் வெள்ளை இனவாதிகள் எழுதுவது போலிருக்கிறது என்பார்கள் வேறு சிலர். நான் ஏபி பக்கம். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதையே பிடியுங்கள். அப்புறம், கம்ப்யூட்டரில் மொத்தமாக மாற்றாதீர்கள், பிளாக் காபியும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

பிரெஞ்சுப் பக்கம் (நம்மூரில் அதுவும் வரும்) வேறு கணக்கு: ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக வந்தால் 'நுவார்' (noir, கறுப்பு) பெரிய எழுத்து, பெயரடையாக வந்தால் சிறியது.

தமிழில் பெரிய எழுத்தே இல்லை, தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நமக்கு விகுதியில் மாட்டும். 'வெள்ளையர்' என்று மரியாதையாக எழுதிய கை அடுத்த வரியில் 'கறுப்பன்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'கறுப்பினத்தவர்' என்று திருத்துங்கள். அதுவும் செய்திக்குத் தேவைப்பட்டால் மட்டும். திருட்டு வழக்கில் ஒருவருக்கு மட்டும் இனத்தைப் போட்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.