பாபிலோன் 5 தொடரை எப்படிப் பார்ப்பது: வரிசை, திரை அளவு, தாண்டலாமா கூடாதா

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பாபிலோன் 5 விஷயத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. முதல் சீசனின் நாலாவது எபிசோட் ‘இன்ஃபெக்ஷன்’. சீசனில் முதலில் படமாக்கப்பட்டது அதுதான் என்பதால் நடிகர்களுக்கு வேடம் இன்னும் உடம்பில் ஒட்டவில்லை. கவசம் மாட்டிய அரக்கன் ஒருவன் தாழ்வாரத்தில் சுட்டுக்கொண்டே வருகிறான், கடைசியில் ஒரு நீளமான பிரசங்கம். அதைப் பதம் பார்த்து மொத்தப் பானையையும் கவிழ்த்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இது பாபிலோன் 5 என்ற விண்வெளி நிலையத்தில் நடக்கும், ஐந்து வருடக் கதையாகத் திட்டமிட்டு எழுதப்பட்ட தொடர். 1993 பிப்ரவரியில் பைலட், அதாவது முன்னோட்டப் படம், வந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன், சீசனுக்கு 22 எபிசோட், ஆக 110. உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி அதில் 92 எபிசோடைத் தானே எழுதினார். மூன்றாவது, நாலாவது சீசன்களில் வேறு யார் கையும் படவில்லை. வாரா வாரம் கதை பழைய இடத்துக்கே திரும்பிவிடும் விண்வெளித் தொடர்கள் மலிந்திருந்த காலம் அது. இங்கே மட்டும் முதல் சீசனில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி மூன்றாவது சீசனில் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதனால் பார்க்கிற முறை முக்கியம்.

முதலில் நேரம். ஒரு எபிசோட் ஏறக்குறைய 44 நிமிடம், மொத்தம் 80 மணி நேரம். தினம் இரண்டு வீதம் 55 நாளில் முடியும். ஆரம்பத்தில் அதற்கு மேல் போக வேண்டாம். முதல் சீசனை ஐந்தாறாகச் சேர்த்து விழுங்கினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, எது விதை எது பதர் என்று தெரியாமல் போகும். வாரத்துக்கு ஒன்று என்று இழுத்தாலும் சிக்கல்தான், துப்புகள் மறந்துவிடும்.

திரை அளவு

எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பதில்தான் பெரிய குழப்பமே. நடிகர்கள் வரும் காட்சிகளை அகலத்திரைக்கும் தோதாக ஃபிலிமில் எடுத்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸை அன்றைய டிவிக்கு ஏற்ப 4:3 அளவில் மட்டுமே செய்தார்கள். பின்னால் 16:9 அகலத்திரை அளவில் டிவிடி வெளியிட்டபோது, கிராஃபிக்ஸ் கலந்த ஷாட்டுகளின் மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். விளைவு: இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள், படம் துல்லியமாக இருக்கும், ஒருவர் துப்பாக்கியால் சுட்டதும் அந்த ஷாட் மட்டும் சட்டென்று மங்கும், அடுத்த ஷாட்டில் மறுபடி தெளியும். ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடங்களிலும் இதே கதை. உங்கள் டிவியில் கோளாறு இல்லை, பிரதியே அப்படி.

2021-இல் வந்த புதுப்பிப்பில் ஃபிலிமைத் திரும்ப ஸ்கேன் செய்து, கிராஃபிக்ஸை மெருகேற்றி, முழுத் தொடரையும் 4:3-க்கே கொண்டுவந்தார்கள். 2023 ப்ளூ-ரேயும் அந்த அளவுதான். அதைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும், தெரியத்தான் வேண்டும். டிவி ரிமோட்டில் ‘ஜூம்’, ‘வைட்’, ‘ஃபுல்’ என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நிலையத்துக்குப் பக்கத்தில் தெரியும் கிரகத்தைக் கவனியுங்கள். அது முட்டை மாதிரி நீண்டிருந்தால் படம் இழுபடுகிறது என்று அர்த்தம். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதியையும் நிறுத்துங்கள். அது ஓடினால் செட் எல்லாம் நாடக மேடை அட்டை போலத் தெரியும். கிராஃபிக்ஸ் இன்றைய கண்ணுக்குப் பொம்மை போலத்தான் இருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. பத்து எபிசோடில் கண் பழகிவிடும்.

ஆரம்பம்

‘த கேதரிங்’ என்ற ஒன்றரை மணி நேர பைலட்டிலிருந்து தொடங்குங்கள். மந்தமாகத்தான் போகும். சில பாத்திரங்கள் அதோடு காணாமல் போகும், மின்பாரி என்ற வேற்றுக்கிரக இனத்தின் தூதர் டிலென்னின் ஒப்பனையே வேறு மாதிரி இருக்கும். இருந்தாலும் அதை விடக் கூடாது. நிலையத்தின் தளபதி சின்க்ளேரின் நினைவில் 24 மணி நேரம் அழிந்துபோயிருக்கிறது என்ற முடிச்சு அங்கேதான் விழுகிறது, முதல் சீசன் முழுவதும் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. இரண்டு வடிவம் உண்டு: 1993-இல் ஒளிபரப்பானது, 1998-இல் திருத்தி வெட்டி வேறு இசையோடு வந்தது. கைக்குக் கிடைத்தால் இரண்டாவதைப் பாருங்கள், கொஞ்சம் விறுவிறுப்பு கூடுதல்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சின்க்ளேர் இரண்டாவது சீசனில் தளபதியாக இல்லை. அந்த வேடத்தில் நடித்த மைக்கேல் ஓ’ஹேர் அப்போது மனநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2012-இல் அவர் காலமான பிறகே, அவர் சம்மதித்திருந்தபடி, ஸ்ட்ராசின்ஸ்கி இதை வெளியே சொன்னார். ‘இவ்வளவு நாள் பார்த்ததெல்லாம் வீணா’ என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கணக்கு மூன்றாவது சீசனில் தீரும்.

தாண்டலாமா?

இணையத்தில் கிடைக்கும் ‘முக்கியமான எபிசோட் மட்டும்’ பட்டியல்களை நம்பி இறங்காதீர்கள். அவை கதையைத் தருமே தவிர மனிதர்களைத் தராது. ‘டிகேஓ’ என்ற முதல் சீசனின் 14-ஆவது எபிசோடை எல்லாப் பட்டியலும் தள்ளிவிடும். அதில் பாதி ஒரு சாதாரண குத்துச்சண்டைக் கதை என்பது உண்மைதான். மறுபாதியில் நிலையத்தின் துணைத் தளபதி இவனோவா தன் அப்பாவுக்குத் துக்கம் காக்க உட்கார மறுத்து மறுத்துக் கடைசியில் உட்காருகிறாள். அந்த அப்பா மூன்றாவது எபிசோடில்தான், வீடியோத் திரையில் பேசிக்கொண்டே இறந்திருந்தார். இது இல்லாமல் பின்வரும் இவனோவாவைப் புரிந்துகொள்ள முடியாது. 21-ஆவது ‘த குவாலிட்டி ஆஃப் மெர்சி’ இன்னொரு பொறி. தனிக்கதை மாதிரி தெரியும், ஆனால் அதில் வரும் ஒரு வைத்தியக் கருவி நாலாவது சீசனில் திரும்பி வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. அங்கே அது திடீரென்று முளைத்தால் ‘என்னப்பா ஏமாற்று வேலை’ என்று தோன்றும்.

நேரமே இல்லையென்றால் ‘இன்ஃபெக்ஷன்’, ‘கிரெயில்’ இரண்டையும் விடுங்கள். குடி முழுகிவிடாது. மாறாக 8, 13, 18, 19, 20, 22 ஆகிய ஆறையும் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். 13-ஆவது ‘சைன்ஸ் அண்ட் போர்டென்ட்ஸ்’ எபிசோடில் சாந்தமான ஒரு ஆள் ஒவ்வொரு தூதராகப் போய் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பார். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாலும் தப்பில்லை. அடுத்த நாலு சீசனும் அந்தப் பதில்களின் வட்டிதான்.

முதல் எபிசோடையும் கவனமாகப் பாருங்கள். அதில் தாக்குகிறவர்கள் நார்ன்கள், அடிபடுகிறவர்கள் செண்டாரிகள்; இரண்டும் வேற்றுக்கிரக இனங்கள். நார்ன் தூதர் ஜி’கார் வில்லன் போலவும், செண்டாரித் தூதர் லோண்டோ பாவப்பட்ட கோமாளி போலவும் இருப்பார்கள். இரண்டாவது சீசனின் 21-ஆவது எபிசோடில் ஒரு லிஃப்ட் காட்சி வருகிறது. உள்ளே இரண்டே பேர்: ஜி’கார், லோண்டோவின் உதவியாளன் வீர். வீர் தட்டுத் தடுமாறி வருத்தம் தெரிவிக்கிறான். ஜி’கார் கத்தியை எடுத்து உள்ளங்கையைக் கீறுகிறார். ரத்தம் சொட்டுச் சொட்டாக விழ, ஒவ்வொரு சொட்டுக்கும் ‘செத்தார்கள்’ என்கிறார். இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். வீரால் முடியாது என்கிறான். ‘அப்படியானால் என்னால் மன்னிக்கவும் முடியாது’ என்று சொல்லிவிட்டு ஜி’கார் வெளியேறுகிறார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. முதல் சீசனைப் பார்க்காமல் தாண்டி வந்தவருக்கு இது நல்ல வசனம். முழுதாகப் பார்த்தவருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

எங்கே வேகம் கூட்டுவது

தினம் இரண்டு என்ற கணக்கை உடைக்க வேண்டிய இடங்கள் உண்டு. மூன்றாவது சீசனின் 8, 9, 10 மூன்றையும் ஒரே இருப்பில், இரண்டேகால் மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பத்தாவதான ‘செவர்ட் ட்ரீம்ஸ்’ அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியது, இரண்டாவது சீசனின் ‘த கமிங் ஆஃப் ஷேடோஸ்’ போலவே. மூன்றாவது சீசனின் 16, 17 ‘வார் விதவுட் எண்ட்’. அதற்கு முந்தின நாள், முதல் சீசனின் 20-ஆவது எபிசோடான ‘பாபிலோன் ஸ்கொயர்ட்’டை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டும் ஒரே கதவின் இரண்டு பக்கம். நாலாவது சீசனின் முதல் ஆறையும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம், இடையில் நிறுத்த மனம் வராது.

எதைத் தேடக் கூடாது என்பதும் முக்கியம். டிலென்னின் புகைப்படங்கள், நடிகர் பட்டியல், இறந்தவர் பட்டியல் எதையும் இரண்டாவது சீசன் முடியும் வரை தொடாதீர்கள். போஸ்டரே குட்டை உடைத்துவிடும். ஒவ்வொரு சீசனுக்கும் தொடக்க இசை மாறும், அதன் மேல் வரும் முன்னுரையும் மாறும். முதல் இரண்டு சீசனில் இந்த நிலையம் அமைதிக்கான கடைசி நம்பிக்கை என்பார்கள். மூன்றாவதில் அதையே சொல்லிவிட்டு, உடனே ‘தோற்றது’ என்பார்கள். அதனால் சீசனின் முதல் எபிசோடில் மட்டும் ‘ஸ்கிப் இன்ட்ரோ’வை அழுத்தாதீர்கள்.

‘இன் த பிகினிங்’ என்ற டிவி படம் பெயரைப் பார்த்து ஏமாற்றும். காலவரிசையில் முதல் கதைதான், ஆனால் 1998 ஜனவரியில் வந்தது. பூமி–மின்பாரி போர் ஏன் நின்றது, சின்க்ளேரின் 24 மணி நேரம் என்னவானது எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடும். நாலாவது சீசனுக்குப் பிறகு பார்த்தால் விருந்து, முதலிலேயே பார்த்தால் விடுகதைக்கு விடையை முன்னால் சொன்ன மாதிரி. ‘தேர்ட்ஸ்பேஸ்’, ‘த ரிவர் ஆஃப் சோல்ஸ்’ இரண்டும் பார்த்தாலும் சரி, விட்டாலும் சரி.

ஐந்தாவது சீசன்

நாலாவதோடு தொடர் நின்றுவிடும் என்ற பயத்தில் கதையைச் சுருக்கி முடித்தார்கள். பிறகு வேறு சேனல் ஐந்தாவதுக்குப் பணம் கொடுத்தது. அதனால்தான் நாலாவதின் பின்பாதி மூச்சிரைக்க ஓடுகிறது, ஐந்தாவதின் முன்பாதி, பிறர் மனதைப் படிக்கும் டெலிபாத் கூட்டத்தின் கதையில் சேற்றில் மாட்டிய வண்டியாக நிற்கிறது. அங்கே இரண்டாவது எபிசோடை விடாதீர்கள், லோண்டோவின் நெஞ்சு நோவும் கனவுமாக ஓடும் இரவு அது. மற்றவற்றைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். 13-ஆவதிலிருந்து வண்டி நகரும். 18-ஆவதில் லோண்டோவாக பீட்டர் ஜுராசிக் செய்திருப்பதற்காகவே முன்பாதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசி எபிசோடான ‘ஸ்லீப்பிங் இன் லைட்’ நாலாவது சீசனோடு சேர்த்துப் படமாக்கி வைத்திருந்தது. ஐந்தாவதில் இல்லாத ஒரு முக்கிய நடிகை அதில் எப்படி வந்தார் என்று குழம்ப வேண்டாம். அதைத் தனியாக, ஒரு நாள் இடைவெளி விட்டுப் பாருங்கள். முன்கூட்டியே ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், பெயர்கள் ஓடும்போது ஒவ்வொருவரும் முதலில் எப்படி வந்தார்கள், கடைசியில் எப்படி இருந்தார்கள் என்று காட்டும் படங்களை மறைத்துக்கொண்டு தளம் வேறு ஏதோ தொடரின் டிரெய்லரை ஓட்ட ஆரம்பித்துவிடும்.